ஸ்னோ ரயரோடு வந்திறங்கிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார்: யாழ்ப்பாண றோட்டுக்கு அதைச் சரிப்படுத்த முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியதிலிருந்து யப்பான் றீக்கண்டிஷன் கார்களைப் பற்றிய கதை எல்லா இடமும் நடக்கிறது. புதிதாக வருபவையும் முன்பே வந்து கைமாறித் திரிபவையுமாக, அவற்றுக்குள் இடைக்கிடை ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஒரு அல்ரோ வேர்க்ஸ், ஒரு ஹொண்டா எஸ்660, ஒரு கோப்பன் என்று ஓட்டுவதற்காகவே செய்த சின்னக் கார்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்கின்றன. இவை ஹொக்கைடோ, தோஹொகு மாதிரி உறைபனிப் பகுதிகளில் ஓடி, குளிர்காலத்தில் ஏலத்துக்குப் போனவை என்றால் சில நேரம் ஸ்னோ ரயரோடேயே கப்பல் ஏறிவிடும். வாங்குபவர் பார்ப்பது பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆழமாகத்தான் இருக்கும். "ரயர் புதுசு மாதிரிக் கிடக்கு, இன்னும் மூண்டு வருசம் ஓடலாம்" என்று கடையிலும் சொல்லி விடுவார்கள்.

நான் நேரே சொல்கிறேன்: அந்த ரயரோடு ஒரு மாரியைக் கடக்க நினைக்க வேண்டாம். வெயில் காலத்தில் அது காரின் சுவையைக் கெடுக்கும், மழை தொடங்கினால் பிறேக்கைக் கெடுக்கும். ஏன், எப்படி, அதற்கு என்ன செய்வது என்பதை ஒழுங்காக ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

படி 1: உங்களிடம் இருப்பது ஸ்னோ ரயர்தானா என்று பாருங்கள்

காரை நிழலில் நிறுத்தி ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் சில்லின் முகம் நன்றாகத் தெரியும். முதலில் ரயரின் பக்கச் சுவரை வாசியுங்கள். யப்பான் ரயர் என்றால் 'ஸ்ரட்லெஸ்' (ஆணியில்லாத ஸ்னோ ரயர்) என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும், அல்லது பிறிட்ஜ்ஸ்ரோன் பிளிசாக், யோக்கோஹாமா ஐஸ்காட், டன்லொப் வின்ரர் மக்ஸ் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்தப் படம் இருந்தாலும் அது பனிக்குப் பரிசோதித்த ரயர்தான். 'எம் பிளஸ் எஸ்' (சேறும் பனியும்) என்ற எழுத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது ஜீப் ரயர்களிலும் எல்லாக் கால ரயர்களிலும் கூடக் கிடக்கும்.

அளவுக்குப் பக்கத்தில் வரும் கடைசி எழுத்தும் காட்டிக் கொடுக்கும். 165/55 ஆர்15 75 கியூ என்று இருந்தால் அந்த கியூ என்பது 160 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் வேண்டாம் என்ற குறி, யப்பான் ஸ்ரட்லெஸ் ரயர்களில் வழக்கமாக அதுதான். இதே அளவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு வரும் சாதாரண ரயரில் 'வி' என்று, அதாவது 240 கிலோமீற்றர் என்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் யாரும் 160 போகப் போவதில்லை, ஆனால் அந்த எழுத்து ரயரின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கம், எவ்வளவு சூடு தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

பிறகு விரலால் தடவிப் பாருங்கள். சாதாரண ரயரில் ஒரு ரப்பர் கட்டை என்றால் அது முழுக் கட்டை. ஸ்னோ ரயரில் ஒவ்வொரு கட்டையிலும் தாள் ஒன்று மட்டுமே நுழையக்கூடிய மெல்லிய வெட்டுகள் அலை அலையாக, பக்கத்தில் பக்கத்தில், ஏழோ எட்டோ கிடக்கும். பெருவிரலை வைத்துக் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்து கொடுக்கும், வெட்டுகள் வாயைத் திறக்கும், விரலை எடுத்தால் மூடும். இதை ஒரு முறை செய்து பார்த்து விடுங்கள், ஏனென்றால் இனி நான் கையாளுகை பற்றிச் சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சாய்வுதான்.

பள்ளத்துக்குள்ளே பார்த்தால் இரண்டு வகை மேடுகள் தெரியும். ஒன்று எல்லா ரயரிலும் உள்ள 1.6 மில்லிமீற்றர் மேடு. மற்றது ஸ்ரட்லெஸ் ரயருக்கே உரிய உயரமான மேடு, பாதி தேய்ந்ததும் அது மேற்பரப்புக்கு வந்துவிடும், பக்கச் சுவரில் ஒரு அம்புக்குறி அதைக் காட்டும். அது மேலே வந்தால் யப்பானிலேயே அந்த ரயரைப் பனிக்குப் பாவிக்க மாட்டார்கள். அப்படி அங்கே கழிக்க வேண்டிய ஒன்றையும் இங்கே பள்ளம் மிச்சம் இருக்கிறது என்று ஓட்டுகிறோம்.

கடைசியாகத் திகதி. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. நான்கு சில்லையும் பாருங்கள், நான்கும் ஒரே வருடமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஒரே ரயராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று வந்த கார்களும் உண்டு, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

படி 2: ரப்பர் ஏன் இப்படி நடக்கிறது என்று விளங்கிக் கொள்ளுங்கள்

சாதாரண ரயரின் ரப்பர் வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது இறுகத் தொடங்கும், இறுகினால் றோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள் புகுந்து பிடிக்க முடியாது. ஸ்னோ ரயரின் ரப்பரை உறைநிலைக்குக் கீழேயும் வளைந்து கொடுக்கும்படி செய்கிறார்கள். வெட்டுகள் பனியைக் கடித்துப் பிடிக்கும், பனிக்கட்டியின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப் படலத்தை ஒற்றி எடுக்கும். யப்பானில் முன்பு ஆணி வைத்த ரயர் பாவித்து, அது தார் றோட்டைச் சுரண்டிக் கிளப்பிய தூசு பெரிய பிரச்சினையாகி, 1990இல் அதற்கு எதிராகச் சட்டமே வந்தது. 1988இல் வந்த பிளிசாக் போன்ற ஆணியில்லா ரயர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அந்த வேலைக்கு அவை அருமையான ரயர்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையிலேயே 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அருமை. சித்திரை மதியத்தில் தார் றோட்டில் வெறுங்காலை வைக்க ஏலாது. அந்தச் சூட்டில் இந்த ரப்பர் தன் வேலைக்கு வகுத்த எல்லையிலிருந்து வெகு தூரம் வந்து விடுகிறது.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கையைத் தீர்த்து விடவேண்டும். "மெதுமையான ரப்பர் என்றால் பிடி கூட, றேஸ் காருக்கும் மெதுமையான ரயர்தானே போடுகிறார்கள்" என்று நன்றாகக் கார் தெரிந்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். றேஸ் ரயரின் ரப்பர் நன்றாகச் சூடேறிய பிறகு பிடிக்கும்படி செய்தது, அதன் கட்டைகளில் வெட்டும் கிடையாது, உடம்பு கடும் இறுக்கம். ஸ்னோ ரயர் மூன்றிலும் அதற்கு நேர் எதிர். சூட்டில் அது பிடிப்பதற்குப் பதிலாக உருளத் தொடங்கும். வெயிலில் கொஞ்சம் உற்சாகமாக ஓடிவிட்டு வந்து ரயரின் ஓரத்தைப் பாருங்கள், அழிறப்பரால் அழித்த தாளில் கிடக்கிற மாதிரிச் சின்னச் சின்ன ரப்பர்த் துருவல்கள் வெட்டுகளின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும்.

இன்னொன்று, வயது. மெதுமையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருட்கள் வருடக் கணக்கில் வெளியேறி, எங்கள் வெயிலும் சேர, பழைய ஸ்னோ ரயர் கடைசியில் இறுகிப் போகும். வெட்டும் தேய்ந்து ரப்பரும் இறுகியது எதற்குமே உதவாது. பள்ளத்தின் ஆழம் இதையெல்லாம் காட்டாது.

படி 3: கார் கையில் எப்படி மாறுகிறது என்று உணருங்கள்

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டுவேன், ஏனென்றால் இந்தக் கார்களை வாங்குவதே இதற்காகத்தான். அல்ரோ வேர்க்ஸ் வெறும் 670 கிலோ. எஸ்660 கையால் கியர் மாற்றுவது 830 கிலோ. 2017இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோ. முதல் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்ரர் 1989இல் வந்தபோது அதுவும் ஒரு தொன்னுக்குக் கீழே. இவ்வளவு குறைந்த எடையில் ஸ்ரியரிங்கை ஒரு விரல் அளவு அசைத்தாலே மூக்கு திரும்ப வேண்டும், அதுதான் இவற்றின் பெறுமதி.

ரயர் பக்கவாட்டு விசை தருவது எப்படி? சில்லு நோக்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு சின்னக் கோணம் வரும்போதுதான். இறுக்கமான ரயர் ஒன்றிரண்டு பாகையிலேயே நல்ல விசை தந்துவிடும். ஸ்னோ ரயரில் முதலில் கட்டை சாய வேண்டும், அதன் வெட்டுகள் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், பிறகு பக்கச் சுவர் வளைய வேண்டும், அதற்குப் பிறகுதான் கார் திரும்பும். ஆகவே அதே முடக்குக்கு உங்களுக்குக் கூடுதல் ஸ்ரியரிங் தேவைப்படும், அதுவும் பிந்தி வரும். நீங்கள் திருப்புகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் திருப்புகிறீர்கள், திடீரென்று இரண்டும் சேர்ந்து வந்து மூக்கு நினைத்ததை விட அதிகம் திரும்புகிறது, உடனே திருத்துகிறீர்கள். வல்லைவெளி மாதிரி நேரான றோட்டில் இது தெரியாது. ஊருக்குள் வேலிக்கும் மதிலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் றோட்டில் ஒவ்வொரு முடக்கிலும் தெரியும்.

சோதித்துப் பார்க்க வேகம் தேவையில்லை. காலையில், ஆட்கள், சயிக்கிள், மாடு எதுவும் இல்லாத நேரான, அகலமான ஒரு துண்டில் 40இல் போய்க்கொண்டு ஸ்ரியரிங்கை மிகச் சின்னதாக இடம் வலம் அசையுங்கள். நல்ல ரயரில் காரின் உடம்பு கையோடு சேர்ந்தே அசையும். ஸ்னோ ரயரில் கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும், கையை நிறுத்திய பிறகும் பின்பக்கம் ஒரு தரம் ஆடி அடங்கும். அந்தப் பிந்திய ஆட்டத்தைப் பிடித்து விட்டீர்கள் என்றால் போதும், அதற்கு மேல் றோட்டில் பரிசோதனை வேண்டாம்.

இதே கூறு முன் சில்லு இழுக்கும் காரில் ஒரு மாதிரி, பின் சில்லு தள்ளும் காரில் இன்னொரு மாதிரி வெளிப்படும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 ரேர்போ எஞ்சின் 230 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை தரும். முன் ரயர் ஒன்றே திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். முடக்கிலிருந்து வெளியே வரும்போது எக்சிலறேற்றரை மிதித்தால் உள் சில்லு சுற்றும், மூக்கு வெளிப்பக்கம் அகன்று போகும். பயமில்லை, காலை எடுத்தால் திரும்பி வரும். எஸ்660 நடு எஞ்சின், பின் சில்லு தள்ளும், முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2,285 மில்லிமீற்றர்தான். இதில் முன்பக்கம் திரும்பி முடிந்த பிறகு பின் ரயரின் கட்டைகள் சாய்ந்து அடங்கும், ஓட்டுபவருக்கு அது பின்பக்கம் வழுக்குவது போலவே இருக்கும். உண்மையில் வழுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் முடக்கின் நடுவே சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னுக்குப் போய், பின் சில்லு இலேசாகி, அப்போது உண்மையாகவே வழுக்கும். ரோட்ஸ்ரருக்கும் இதே எச்சரிக்கை.

நியாயமாக இரண்டு விஷயத்தையும் சொல்லவேண்டும். பாரமான ஜீப்பை விட இந்தச் சின்னக் கார்கள் ஸ்னோ ரயரைக் குறைவாகத்தான் வதைக்கும், எடை குறைவு என்பதால் கட்டைக்கு வரும் சுமையும் சூடும் குறைவு. அதோடு, பிடி விடும்போது ஸ்னோ ரயர் மெல்ல மெல்லத்தான் விடும், முன்கூட்டியே சொல்லிவிட்டு விடும், ஆகவே சிலருக்கு அதில் ஒரு சொகுசும் தெரியும். ஆனால் அந்த எல்லையே மிகவும் கீழே இருக்கிறது என்பதை அந்தச் சொகுசு மறைத்து விடும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் பக்கக் காற்று இலேசான காரை விடாமல் தள்ளும். இறுக்கமான ரயரில் ஸ்ரியரிங்கைச் சும்மா பிடித்திருந்தால் போதும். ஸ்னோ ரயரில் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும், வேலணைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள் நோகும்.

இனி அந்தக் கலப்படம். முன்னுக்குச் சாதாரண ரயர், பின்னுக்கு ஸ்னோ ரயர் என்று ஒரு கார் உங்களிடம் வந்தால், அல்லது "முன் இரண்டையும் மட்டும் இப்ப மாத்துவம், பின்னால பிறகு பாப்பம்" என்று யாராவது சொன்னால், செய்யவே வேண்டாம். எங்கள் சூட்டில் முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, கார் சுழல்வதற்கு அதை விட நல்ல வழி வேறு இல்லை. நான்கும் மாற்றக் காசு இல்லையென்றால் நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு மெதுவாக ஓடுவது இதைவிடப் பாதுகாப்பு.

படி 4: மழைக்கு முன் கணக்கைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் எங்களுக்கு முக்கியம். ஸ்ரட்லெஸ் ரயரின் பெரிய பலவீனமே வெறும் ஈரத் தார் றோட்டுத்தான். ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60 கிலோமீற்றர் வேகத்தில் பிறேக் பிடிக்கிறீர்கள். ஈர றோட்டில் நல்ல ரயருக்கு உராய்வுக் குணகம், அதாவது றோட்டைப் பிடிக்கும் அளவு, 0.7 என்று வைத்தால் கார் ஏறத்தாழ 20 மீற்றரில் நிற்கும். அது 0.55 ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 26 மீற்றர். ஆறு மீற்றர்தானே என்று நினைக்கலாம். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். முன்னால் சயிக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளை என்றால் அந்த 28 என்ன செய்யும் என்று நான் எழுதத் தேவையில்லை. உங்கள் ரயரின் சரியான குணகம் இதுதான் என்று நான் சொல்லவில்லை, குணகத்தில் வரும் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிதாகப் போய் முடிகிறது என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு.

தேங்கிய தண்ணீர் வேறு பிரச்சினை. ரயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும் வேகம் காற்று அழுத்தத்தைப் பொறுத்தது. நாசா 1960களில் விமான ரயர்களை வைத்துக் கண்ட கணக்கின்படி 29 பி.எஸ்.ஐ. காற்றுக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர், 22 காற்றுக்கு ஏறத்தாழ 78. காரின் ரயருக்கு, அதுவும் தேய்ந்ததுக்கு, இதைவிடக் குறைந்த வேகத்திலேயே நடக்கும். புது ஸ்னோ ரயரின் பள்ளம் ஆழம் என்பதால் அது இதில் மோசமில்லை, பாதி தேய்ந்தது மோசம். மதவடியிலும் வாய்க்கால் அடைபட்ட சந்தியிலும் தேங்கும் தண்ணீரில் ஒரு பக்கச் சில்லு மட்டும் இறங்கினால் இலேசான கார் அந்தப் பக்கம் சட்டென்று இழுக்கும், ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருங்கள்.

உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், குப்பிழான் பக்கம் தோட்டத்திலிருந்து உழவு இயந்திரம் இழுத்து வரும் செம்மண், முதல் மழைக்கு றோட்டில் பூசுமாவாகக் குழைந்து கிடக்கும். 'எம் பிளஸ் எஸ்' இருக்கிறது, எம் என்றால் சேறு, ஆகவே இதற்கு நல்லது என்று நம்ப வேண்டாம். அந்த மெல்லிய வெட்டுகளில் செம்மண் போய் அடைந்துவிட்டால் அவை வெட்டே இல்லாத மாதிரித்தான்.

படி 5: மாற்றும்வரை எப்படி ஓட்டுவது

காசு சேர, அளவு கிடைக்க நாளாகலாம். அதுவரை:

காலையில் கார் ஓடமுதல், ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பாருங்கள். கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் சூட்டில் அழுத்தம் கூடிக் காட்டும், ஐந்தாறு பாகைக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று பொதுவாகக் கணக்கு. ஓட்டுனர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் யப்பான் அட்டையில் கிலோபாஸ்கலில் போட்டிருக்கும், 200 என்றால் 29, 220 என்றால் 32, 240 என்றால் 35. ஸ்னோ ரயர் இருக்கும்வரை அதைவிட இரண்டு அல்லது மூன்று கூட்டி வையுங்கள், கட்டைகளின் ஆட்டம் கொஞ்சம் குறையும். பக்கச் சுவரில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் முந்தியே, மெதுவாகத் திருப்பத் தொடங்குங்கள், கட்டைகள் சாய்ந்து அடங்க நேரம் கொடுங்கள். பிறேக்கை நேராகப் போகும்போதே பிடித்து முடியுங்கள். ஊருக்குள் 50, வெளியே 70 என்ற சட்ட எல்லையே உங்களுக்கு உச்சம், மழையில் அதற்கும் கீழே. முன்னால் போகும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு விடுங்கள், யாராவது இடையில் வந்து பூந்தாலும் பரவாயில்லை. காரில் வழுக்கல் தடுப்பு இருந்தால் அதை நிற்பாட்டாதீர்கள். கல்லு ஒழுங்கைகளில் மெதுவாக, சுண்ணக்கல் முனைகள் இந்த ரப்பரைத் துண்டு துண்டாகக் கிள்ளி எடுத்துவிடும்.

படி 6: புது ரயரைத் தெரிவு செய்வது

முதலில் காரின் உண்மையான அளவு என்ன என்று அதே கதவு அட்டையில் பாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் யப்பானில் ஸ்னோ ரயரைப் பலர் ஒரு அங்குலம் சின்ன ரிம்மில் தனி செற்றாக வைத்திருப்பார்கள், கார் அந்த ரிம்மோடேயே உங்களிடம் வந்திருக்கலாம். மேலே சொன்ன 2017 ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அளவு 195/45 ஆர்17. 195இன் 45 வீதம் 87.75, இரண்டு பக்கத்துக்கும் 175.5, அதோடு 17 அங்குல ரிம் 431.8, மொத்தம் 607 மில்லிமீற்றர் விட்டம். அதில் 195/50 ஆர்16 கிடந்தால் விட்டம் 601. ஒரு வீதம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீற்றர் பெரிதாகப் பிழைக்காது, குழிக்கும் அது நல்லது. எங்கள் றோட்டுக்கு நான் 16 அங்குலத்தையே விரும்புவேன். அந்த ரிம் நேராக இருந்து பிறேக்கில் தட்டாமல் இருந்தால் அதிலேயே சாதாரண ரயரைப் போடலாம்.

அல்ரோ வேர்க்ஸின் 165/55 ஆர்15 சின்ன யப்பான் கார்கள் பலவற்றுக்கும் வரும் அளவு, தேடினால் கிடைக்கும். எஸ்660க்கு முன்னால் 165/55 ஆர்15, பின்னால் 195/45 ஆர்16. பின் அளவு எல்லாக் கடையிலும் இருக்காது, கொழும்பில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே பழையதைக் கழற்றுங்கள்.

சரி, எந்த ரயர்? பிடிக்கு ஆசைப்பட்டு, றேஸ் ரயருக்குக் கிட்டிய அரை ஸ்லிக் வகையைப் போடாதீர்கள், பள்ளம் குறைவு, மாரியில் அது ஸ்னோ ரயரைப் போலவே ஆபத்து. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் சாதாரணத் தார் றோட்டு ரயர்தான் தேவை. யப்பானில் 2010இலிருந்து ஒட்டும் லேபிளில் ஈரப்பிடிக்கு ஏ, பி, சி, டி என்று தரம் இருக்கும், ஏ அல்லது பி பாருங்கள். பக்கச் சுவரில் 'ட்ரக்ஷன்' என்பதற்குப் பக்கத்தில் ஏஏ அல்லது ஏ, 'ரெம்பரேச்சர்' பக்கத்தில் ஏ இருந்தால் நல்லது. சுமை இலக்கம் (75 கியூ என்பதில் அந்த 75) அட்டையில் உள்ளதை விடக் குறையக் கூடாது. அதற்காகத் தேவையில்லாமல் மிகக் கூடிய சுமைக்குச் செய்த இறுக்கமான ரயரைப் போட்டால் 670 கிலோ கார் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். அகலத்தையும் கூட்ட வேண்டாம், இலேசான காரில் அகல ரயர் தண்ணீரில் இன்னும் முந்தி மிதக்கும்.

பாவித்த ரயர் வாங்குவது பற்றி என் கருத்து: யப்பானிலிருந்து வரும் பாவித்த ரயர்களுக்குள் ஸ்ரட்லெஸ் கலந்திருப்பதுண்டு, படி 1ஐ அங்கேயும் செய்யுங்கள்.

படி 7: பூட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை

நட்டைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. ஹொண்டாவின் சொந்த அலோய் ரிம்மில் நட் உட்காரும் இடம் உருண்டை வடிவம். வெளியே செய்த ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். ஸ்னோ ரயர் வெளி ரிம்மில் கூம்பு நட்டோடு வந்து, நீங்கள் ஹொண்டா ரிம்மைத் தேடி வாங்கிப் பூட்டினால் நட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இறுக்கமாக இருப்பது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். ஒரு நட்டைக் கையால் மட்டும் பூட்டி, அது ரிம்மில் முழு வட்டமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கடைசி இறுக்கத்தைக் காற்றுத் துப்பாக்கியால் செய்ய விடாதீர்கள், அளவு காட்டும் சாவியால், கையேட்டில் உள்ள அளவுக்கு, குறுக்கு மறுக்காக இறுக்கச் சொல்லுங்கள். சுற்றும் திசை அம்பு இருந்தால் அது முன்னோக்கிப் பார்க்க வேண்டும். உள், வெளி என்று போட்டிருந்தால் அதையும் பாருங்கள். புது வால்வு, பலன்சிங், பிறகு காற்றை அட்டை அளவுக்கு வைத்துவிட்டு அலைன்மென்ட், இந்த ஒழுங்கில். ஸ்னோ ரயரில் அலைன்மென்ட் பிழையே தெரியாமல் மழுங்கிப் போயிருக்கும், புது ரயர் போட்டதும் கார் ஒரு பக்கம் இழுத்தால் ரயரைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டொரு நாள் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு தரம் பாருங்கள்.

புது ரயரின் மேற்பரப்பு முதல் சில நூறு கிலோமீற்றருக்கு வழவழப்பாக இருக்கும். ஆகவே புரட்டாதிக்குள் போட்டுவிட்டால் மழைக்கு முன் பழகிவிடும். ஸ்ரியரிங் கையில் வந்து சேர்கிற மாற்றம் முதல் சந்தியிலேயே தெரியும், ஆனாலும் அந்த நாட்களில் பொறுமையாக ஓடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பந்தி

ரொறன்ரோவிலோ மொன்றியலிலோ இருந்து இதை வாசிக்கும் மச்சான்மார் "அப்ப நாங்கள் ஸ்னோ ரயர் போடக் கூடாதோ" என்று கேட்கக்கூடும். கட்டாயம் போடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, 2016இலிருந்து காப்புறுதியில் கழிவு கிடைக்கும். அங்கே ரோட்ஸ்ரர் வைத்திருந்தால் நான்கு சில்லுக்கும் போடுங்கள், முடிந்தால் ஒரு அளவு ஒடுக்கமாக, அது பனியை வெட்டிக்கொண்டு போகும். வசந்தத்தில் பகல் நேரம் தொடர்ந்து 7 பாகைக்கு மேல் ஏறியதும் கழற்றிவிடுங்கள், மேலே படி 3இல் சொன்னது எல்லாம் அங்கேயும் ஜூன் மாதத்தில் நடக்கும்.

கழற்றிய ரயரை என்ன செய்வது

பள்ளம் இருக்கிறது என்று கடைக்காரரிடமே கொடுத்தால் அது இன்னொரு காரில், அநேகமாக ஒரு குடும்பக் காரில், ஏறும். வாங்குபவருக்கு இது ஸ்ரட்லெஸ் என்று சொல்லப்படுமா என்பது உங்கள் கையில் இல்லை. நான் சொல்வது, பக்கச் சுவரில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுக் கொடுங்கள், பிறகு யாரும் றோட்டில் ஓட்ட முடியாது. ஊஞ்சலுக்கோ படகுத்துறையில் படகு முட்டாமல் கட்டுவதற்கோ கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். வளவில் வைத்திருப்பதென்றால் மழை படாமல் வையுங்கள், அல்லது அடியில் துளை போட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள். ரயருக்குள் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும், மாரியில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவு பார்க்க வரும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.